மூசைக்குள் ஆவாரங்குச்சி

அறிவின் கதவுகள் – 9

1839ஆம் ஆண்டு லண்டனில் ஒரே மனிதரின் பெயரோடு இரண்டு காகிதங்கள் வெளியாயின. ஒன்று, ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் அச்சான ஏழெட்டுப் பக்கக் கட்டுரை. சேலம் பகுதிக் கொல்லர்கள் கல்லிலிருந்து இரும்பை எப்படிப் பிரித்தார்கள், அந்த இரும்பை எப்படி உருக்காக்கினார்கள் என்பதை, எந்த மரத்தின் குச்சி, எந்தச் செடியின் இலை என்பதுவரை அது சொன்னது. படித்தவர் எவரும் செய்து பார்க்கலாம். மற்றொன்று, ஏப்ரல் 5ஆம் தேதியிட்ட காப்புரிமைப் பத்திரம். உருக்கில் மாங்கனீசைச் சேர்க்கும் ஒரு வழியை விவரித்த அந்தப் பத்திரம், அடுத்த 14 ஆண்டுகளுக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது என்று தடுத்தது.

இரண்டுக்கும் உரியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்தார் அறிவைத் திறந்து வைத்த அதே ஆண்டில் தன் அறிவைப் பூட்டி வைத்தவர்.

விஞ்ஞானம் எல்லோருக்கும் பொது என்ற எண்ணம் 1665இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய இதழோடு எப்படி வேர் பிடித்தது என்பதை முன் அத்தியாயங்களில் கண்டோம். கண்டதைச் சொல், செய்முறையைச் சொல், பிறர் செய்து சரிபார்க்கட்டும் என்பதே அதன் சாரம். அந்த எண்ணம் சேலத்துக் கஞ்சமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிவில் ஊழியர். சேலத்தில் வர்த்தக அதிகாரியாக இருந்தவர். பறவை, விலங்குகளைச் சேகரிப்பதில் ஆசை கொண்டவர். அவர் லண்டனுக்கு அனுப்பிய ஒரு வௌவாலுக்கு 1831இல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற விலங்கியலாளர் அவர் பெயரையே சூட்டினார். நம் ஊர்களின் பழைய வீடுகளில் தங்கும் மஞ்சள் வயிற்று வௌவால் அது. இன்றும் அதன் அறிவியல் பெயரின் பின்பாதி ‘ஹீத்தியை’.

சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளில் கிடைக்கும் காந்தக் கல்லும், கொல்லர்கள் அதிலிருந்து எடுக்கும் இரும்பும் அவரை ஆட்டிவைத்தன. 1825 வாக்கில் வேலையை விட்டுவிட்டார். ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு செய்கிறேன் என்று மதராஸ் அரசிடம் போனார். கம்பெனியின் சாசனம் முடியும்வரை மாகாணத்தில் அந்த முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையையும், அரசின் பணத்தையும் பெற்றார். 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. சேலத்துக் கல் காவிரியில் பரிசலேறி, கொள்ளிடம் வழியாகக் கடற்கரைக்குப் போயிற்று. நாட்டுக் கொல்லரின் உலைகளை இந்தத் தனியுரிமை தடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹீத் துரை எந்தக் காரியத்தைத் தொட்டாலும் முதலில் தேடியது ஒரு பூட்டைத்தான்.

இனி அந்தக் கட்டுரை. விஞ்ஞானக் கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதை இன்றும் மாணவருக்குக் காட்டலாம்.

சேலத்துக் கல்லில் 52 பங்கு இரும்பு ஆக்சைடு, 48 பங்கு குவார்ட்ஸ் என்று முதலில் அளவு சொல்கிறார். கல்லை இடித்துப் பொடியாக்கி, குவார்ட்சைப் பிரித்து விலக்கிவிட்டு உலைக்குக் கொண்டுவருவார்கள். உலை நாலைந்து அடி உயரம். அடியில் இரண்டடி அகலம், மேலே போகப்போக ஓரடியாகக் குறுகும். களிமண்ணால் சில மணி நேரத்தில் கட்டி முடிக்கக்கூடியது. ஆட்டுத் தோல் துருத்திகள் இரண்டு, மூங்கில் குழல், அதன் முனையில் களிமண் மூக்கு. கரியும் கல்பொடியும் மாற்றி மாற்றிப் போட்டு நாலு மணி நேரம் ஊதினால் அடியில் இரும்புக் கட்டி திரண்டிருக்கும். அதை எடுத்து அடித்துக் கிட்டத்தை வெளியேற்றுவார்கள்.

உருக்கு செய்வது அடுத்த கட்டம். அடித்த இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, மூசையில் இடுவார்கள். மூசை என்பது வெப்பம் தாங்கும் களிமண்ணில் கருக்கிய நெல் உமியைக் கலந்து செய்த குடுவை. ஒரு மூசைக்கு அரை ராத்தலிலிருந்து இரண்டு ராத்தல்வரை இரும்பு. அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த குச்சி, பொடியாக நறுக்கியது. எந்தக் குச்சியும் ஆகாது, ஆவாரைதான் வேண்டும். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயைப் பிசைந்த களிமண்ணால் அடைத்து, காயவைத்து, இருபது இருபத்து நாலு மூசைகளை ஒரு சிறு உலையில் வளைவாக அடுக்கி, கரி மூடி, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே வட்டமான உருக்குக் கட்டி இருக்கும். அதை உருகும் சூட்டுக்குச் சற்றுக் கீழே பல மணி நேரம் மறுபடி காய்ச்சிய பிறகே சம்மட்டி தாங்கும். காய்ச்சாமல் அடித்தால் நொறுங்கிவிடும்.

ஹீத்தை அசரவைத்தது அந்த இரண்டரை மணி நேரம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இரும்புக் கம்பியைக் கரிப்பொடியில் புதைத்து நாள்கணக்கில் சூடாக்கினால்தான் இரும்புக்குள் கார்பன் ஏறும். அதன்பிறகு அதை உடைத்து மூசையில் உருக்க வேண்டும். சேலத்துக்காரர்கள் இரண்டு வேலையையும் ஒரே மூசையில், ஒரே பொழுதில் முடித்தார்கள். பச்சை இலையும் குச்சியும் சூட்டில் வாயுவாக மாறி இரும்புக்குள் கார்பனை விரைவாக ஏற்றுகின்றன என்று ஊகித்தார். ஸ்காட்லாந்தின் சார்ல்ஸ் மேக்கின்டாஷ் (மழைக்கோட்டுக்குப் பெயர் கொடுத்தவர்) 1825இல் வாயு கொண்டு உருக்கு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவருடைய தத்துவம் சேலம் மூசைக்குள் எப்போதோ வேலை செய்துகொண்டிருந்தது என்பதை எழுதியவர் ஹீத்தேதான்.

இந்த உருக்குத் தொழில் பழையது என்பதற்கு ஹீத் அறியாத சான்றுகள் இன்று உண்டு. நொய்யல் கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் தொடங்கிய அகழாய்வுகளில் இரும்பு உலைகளும் மூசைகள் வைத்து ஊதிய உலையின் தடயங்களும் வெளிப்பட்டன. சேலத்திலிருந்து அது அப்படியொன்றும் தூரமில்லை.

கொல்லர்களின் இந்த அறிவு அதற்கு முன் திறந்திருந்ததா? பாரம்பரிய அறிவை நாம் ஊரார் சொத்து என்று புகழ்ந்து பேசுவதுண்டு. உண்மை அவ்வளவு எளிதல்ல. தகப்பனிடமிருந்து மகனுக்கு, சாதிக்குள், கைப்பழக்கமாகக் கடந்துவந்த அறிவு அது. ஏட்டில் இல்லை. வெளியாள் வந்து உலையடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனாலும் கம்பெனி அதிகாரி கேட்டபோது காட்டினார்கள். விருப்பத்தோடு காட்டினார்களா, அதிகாரத்துக்கு அஞ்சிக் காட்டினார்களா என்று கேட்க அந்தக் கட்டுரையில் இடமில்லை.

ஐரோப்பாவில் இந்தக் கதை ஹீத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. பம்பாயிலிருந்த ஹெலெனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் இந்திய உருக்குக் கட்டிகளை ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். பாங்க்ஸ் அவற்றைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, ஆராய்கிறவர்களுக்குப் பங்கிட்டார். ஜார்ஜ் பியர்சனின் ஆய்வு 1795இல் சொசைட்டியின் இதழில் வந்தது. கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் பேனாக்கத்தி அடித்துப் பார்த்து, அருமையான உருக்கு என்றார். டேவிட் முஷெட்டின் சோதனைகள் 1805இல் அச்சாயின. 1819இலிருந்து மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் புகழடைவதற்கு முன், கொல்லர் மகனான ஃபாரடே ஸ்டோடார்டுடன் சேர்ந்து இந்திய உருக்கைச் செயற்கையாகச் செய்ய முயன்றார்.

ஃபாரடேயின் முடிவு தவறு. உருக்கின் தனிக்குணத்துக்கு அதிலுள்ள அலுமினியம் காரணம் என்று அவர் நினைத்தார். ஆனால் செய்முறை முழுவதையும் அச்சிட்டிருந்தார். பாரீஸ் நாணயச் சாலையில் பணியாற்றிய ழான் ரொபேர் ப்ரெயாந்த் அதைப் பிடித்துக்கொண்டு தன் சோதனைகளைச் செய்தார். இதே வகை உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாளின் நீரோட்ட வரிகளுக்கு அலுமினியம் தேவையில்லை, கார்பன் போதும் என்று 1823இல் எழுதினார். பெரிய மனிதர் சொன்னதைச் சின்ன மனிதர் சோதித்துத் திருத்தலாம் என்ற ஏற்பாடு வேலை செய்த இடம் இது.

அந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஃபாரடே தன் உருக்குத் துண்டுகளைத் தூக்கி எறியவில்லை. ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஒரு பெட்டியில் 79 துண்டுகள் நூறாண்டுக்கு மேல் கிடந்தன. ஷெஃபீல்டின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு அவற்றை எடுத்துப் புதிய கருவிகளால் பகுத்து ஆராய்ந்து 1931இல் ஒரு நூலாக்கினார். மாங்கனீசு உருக்கைக் கண்டுபிடித்தவரும் அவரே. மூலப்பொருளையும் குறிப்பேட்டையும் பத்திரப்படுத்தினால் செத்தவரின் சோதனையைக்கூட உயிரோடிருப்பவர் சரிபார்க்கலாம். தரவுகளைத் திறந்து வையுங்கள் என்று இன்று ஆய்வு மானியம் தரும் நிறுவனங்கள் வற்புறுத்துவது இதைத்தான்.

இனி இந்தக் கதையில் நெருடும் பகுதி. மேலே டேவிட் முஷெட் என்ற பெயர் வந்தது. இவர் 1800ஆம் ஆண்டு ஒரு காப்புரிமை பெற்றார். இரும்பையும் கரிப்பொருளையும் மூசையில் ஒன்றாக இட்டு நேரடியாக உருக்கு செய்யும் முறைக்கு! பியர்சனின் கட்டுரை அச்சாகி ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. முஷெட் இந்தியாவிலிருந்து எடுத்தார் என்று சொல்ல ஆதாரமில்லை. அவர் சொந்தமாகவே சோதித்துக் கண்டிருக்கலாம். ஆனால் அந்தப் பத்திரத்தையும் சேலம் செய்முறையையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர் யாரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அச்சில் ஏறிய அறிவு ஒரு பக்கம் எல்லோருக்கும் பொது. இன்னொரு பக்கம், லண்டன் காப்புரிமை அலுவலகத்துக்கு நடந்துபோக முடிந்தவருக்கு அது மூலப்பொருள். தென்னிந்திய உலைகளில் ஏற்கெனவே நடக்கும் தொழிலாயிற்றே என்று அங்கே போய் ஆட்சேபிக்க எந்தக் கொல்லரால் முடிந்திருக்கும்?

ஷெஃபீல்டின் சொந்த மரபு ரகசிய மரபு. 1740களில் அங்கே மூசை உருக்கைச் செய்துகாட்டிய பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் காப்புரிமை எடுக்கவில்லை. இரவில் வேலை செய்தார், யாரையும் உள்ளே விடவில்லை. குளிர் இரவொன்றில் சாமுவேல் வாக்கர் என்ற போட்டியாளர் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து, அடுப்போரம் ஒதுங்க இடம் கேட்டு, தூங்குவதுபோல் கிடந்து முழுச் செய்முறையையும் பார்த்துக்கொண்டார் என்பது அந்த ஊரில் சொல்லப்படும் கதை.

இந்த ஊரில்தான் ஹீத் தன் மாங்கனீசுக் காப்புரிமையோடு இறங்கினார். உருக்கின் எடையில் ஒன்று முதல் மூன்று சதவீதம் ‘மாங்கனீசுக் கார்பரெட்’ சேர்த்தால், மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு வரும், பற்ற வைக்கவும் தோதாக இருக்கும். விலை உயர்ந்த சுவீடன், ரஷ்ய இரும்பை நம்பியிருந்த ஊருக்கு இது பெரிய விடுதலை. உருக்கின் விலை 30 முதல் 40 சதவீதம்வரை இறங்கியதாக அக்காலத்தவர் கணக்கிட்டார்கள். ஹீத் விவரித்த சேலம் செய்முறையில் மாங்கனீசு இல்லை. அந்தச் சேர்மானத்துக்கான பெருமை அவருடையதே. மூசைக்குள் என்ன நடக்கிறது என்று யோசிக்கும் பழக்கத்தை மட்டும் எங்கே கற்றார் என்பது நமக்குத் தெரியும்.

ஷெஃபீல்டில் அவருடைய முகவர் வில்லியம் அன்வின். கார்பரெட்டைத் தனியாகத் தயாரிப்பது செலவு பிடித்த வேலை. மாங்கனீசு ஆக்சைடையும் கரித்தாரையும் நேராக மூசையிலேயே போட்டால் வேலை சுலபமாக முடிகிறது என்று ஹீத் கண்டறிந்தார். அதை அன்வினிடம் சொன்னார். காப்புரிமைப் பத்திரத்தில் இந்தச் சுருக்குவழி எழுதப்படவில்லை. உறவு முறிந்ததும் அன்வின் சொந்தமாக உருக்கு செய்யத் தொடங்கினார். நான் கார்பரெட்டைப் பயன்படுத்தவில்லையே, ஆக்சைடையும் தாரையும்தானே பயன்படுத்துகிறேன் என்றார்.

வழக்கு 1840களில் தொடங்கியது. மூசைக்குள் ஆக்சைடும் தாரும் சேர்ந்து, இரும்பைத் தொடும் முன் ஒரு கணமாவது கார்பரெட் ஆகின்றனவா என்று வேதியியலாளர்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். நீதிபதிகள் ஒருமனதாக இல்லை. ஒரு நீதிமன்றம் சொன்னதை இன்னொன்று மாற்றியது. ஹீத் 1851இல் கையில் காசில்லாமல் இறந்தார். பிரபுக்கள் சபையின் கடைசித் தீர்ப்பு 1855இல் வந்தது. அன்வின் பக்கம்.

ஜான் பெர்சி 1864இல் எழுதிய இரும்பு உருக்கு நூலில் இந்த அநியாயத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார். ஷெஃபீல்டு முழுவதும் ஹீத்தின் கண்டுபிடிப்பால் கொழுத்தது, அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்பது அன்றைய பலரின் ஆதங்கம். அந்த ஆதங்கம் நியாயமானதே. ஹீத்துக்கு நேர்ந்ததை அநியாயம் என்று பார்க்கத் தெரிந்த கண்களுக்கு, அதே வாதம் சேலத்து உலையடிக்கும் பொருந்துமே என்று மட்டும் தோன்றவில்லை.

மாங்கனீசின் கதை அங்கே முடியவில்லை. ஹென்றி பெஸ்ஸமர் 1856 ஆகஸ்டில் செல்ட்டன்ஹாமில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான மாநாட்டில் உருக்கு செய்யும் தன் புது முறையை அறிவித்தார். உரிமம் வாங்கியவர்கள் செய்து பார்த்தபோது உருக்கு நொறுங்கியது. அதைச் சரிசெய்ய மாங்கனீசு கலந்த இரும்பைச் சேர்க்கும் வழியைச் சொன்னவர் ராபர்ட் முஷெட், நாம் மேலே பார்த்த டேவிட் முஷெட்டின் மகன். அவருடைய காப்புரிமை 1859இல் 50 பவுண்டு முத்திரைக் கட்டணம் கட்டப்படாததால் காலாவதியாயிற்று. உருக்கில் மாங்கனீசு சேர்ப்பது ஹீத் காலத்திலிருந்தே ஊரறிந்த சங்கதி, அதற்கு நான் யாருக்கும் கடன்படவில்லை என்பது பெஸ்ஸமர் தரப்பு வாதம். 1866இல் முஷெட்டின் பதினாறு வயது மகள் தனியாக லண்டனுக்குப் போய் பெஸ்ஸமரைச் சந்தித்தாள். அதற்குப் பிறகு பெஸ்ஸமர் ஆண்டுக்கு 300 பவுண்டு கொடுத்துவந்தார். சட்டம் எதையும் தரவில்லை, ஒரு சிறுமியின் முகம் தந்தது.

இதற்கிடையில் சேலத்தில் என்ன நடந்தது? பரங்கிப்பேட்டை உலைகளுக்குக் கரி கிடைக்கவில்லை. காடு பின்வாங்கப் பின்வாங்கக் கரி வண்டிகளின் தூரம் கூடியது. காவிரிக் கரையில் பூலாம்பட்டியில் ஓர் உலை கட்டினார்கள், அது சில ஆண்டுகளில் அணைந்தது. ஹீத்துக்குப் பின் 1853இல் உருவான ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனியும் 1874இல் கலைந்தது. கொல்லரின் சிறு உலைகள் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் புகைந்தன. ரயிலில் வந்திறங்கிய சீமை இரும்பு மலிவு. 1882இன் மதராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு கரிக்கு மரம் வெட்டுவது காசும் வம்புமான காரியம். நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான துருத்திகள் நின்றுவிட்டன. அப்போது உருக்கு செய்யும் முறை லண்டனில் அச்சில் இருந்தது, சேலத்தில் கைகளில் இல்லை.

1942இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விஞ்ஞானிகள் எழுதப்படாமல் கடைப்பிடிக்கும் நான்கு நெறிகளைத் தொகுத்தார். கண்டுபிடிப்பு பொதுச் சொத்து, யார் சொன்னார் என்பதைப் பாராமல் என்ன சொன்னார் என்று பார்ப்பது, சுயலாபம் கருதாமை, எதையும் சோதிக்காமல் ஏற்காமை. இந்த நாலு கல்லிலும் ஊட்ஸ் கதையை உரசிப் பார்க்கலாம். பாங்க்ஸும் ஃபாரடேயும் ப்ரெயாந்தும் தேறிவிடுவார்கள். ஹீத் பாதி தேறுவார். ஆனால் மெர்ட்டனின் பட்டியலில் விஞ்ஞானிகள் மட்டுமே மனிதர்கள். அறிவைக் கொடுத்தவன் ஆய்வுக் கூடத்துக்கு வெளியே நிற்கிறான் என்றால் அவனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்வியே அதில் எழாது.

அந்தக் கேள்வி திறந்த விஞ்ஞானத்தின் ஏட்டில் ஏற 2021 நவம்பர்வரை ஆயிற்று. யுனெஸ்கோவின் பொதுமாநாடு திறந்த விஞ்ஞானம் பற்றிய பரிந்துரையை அப்போது ஏற்றது. கட்டுரை, தரவு, மென்பொருள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. தரமும் நேர்மையும், கூட்டு நன்மை, சமத்துவமும் நியாயமும், பன்மையும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதும் என்று நான்கு மதிப்புகளை அடுக்கிவிட்டு, பழங்குடியினர் உள்ளிட்ட பிற அறிவு மரபுகளோடு உரையாட வேண்டும் என்பதைத் தனித் தூணாக நிறுத்தியது. அந்த மரபுக்காரர்களுக்குத் தங்கள் அறிவைக் கொடுக்கவும் மறுக்கவும் உரிமை உண்டு என்றும் ஒத்துக்கொண்டது. அகத்தியமலைப் பழங்குடியினரான காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து மருந்து செய்து, 1990களில் திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தபோது, கிடைத்த தொகையில் பாதியைக் காணிக்காரர்களுக்கு ஒதுக்கியது. குறைகள் சொல்லப்பட்ட ஏற்பாடுதான். ஆனாலும் யுனெஸ்கோ காகிதத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே தென்கோடி மலையில் ஒருமுறை அது செய்து பார்க்கப்பட்டது.

பணம்கூட இரண்டாவது விஷயம். முதலில் பெயர். சேலத்தில் உருக்கை வாங்கியவர், அனுப்பியவர், ஆராய்ந்தவர், எழுதியவர் எல்லோர் பெயரும் நிற்கிறது. உருக்கியவர் பெயர் ஒன்றும் நிற்கவில்லை. வௌவாலுக்குப் பெயர் வைக்க நேரமிருந்தவர்களுக்கு இதற்கு நேரமில்லை.

பெயர் எழுதத் தெரியாத காலம் என்று சமாதானம் சொல்ல முடியாது. கவனமாகப் பதிவு செய்தவர்கள் அதே மண்ணில் இருந்தார்கள். வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காட்டுப் பகுதிகளின் நிலவியலை ஆராய்ந்து 1864இல் வெளியிட்ட அறிக்கையில் கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை, கொல்லிமலைப் பக்கத்து இரும்புக்கல் படிவங்கள் இடம் இடமாகக் குறிக்கப்பட்டன. முந்தின ஆண்டுதான் ஃபூட் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்வரலாற்றையே தொடங்கிவைத்திருந்தார். பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்த அவர், ஆயுள் முழுதும் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஒவ்வொரு துண்டும் எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்ற அட்டவணை அவர் இறந்தபின் 1914, 1916இல் அச்சாயிற்று. இன்றும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போகிறார்கள். ஒரு கல்லுக்குக் கொடுத்த மரியாதை அது.

கடலுக்கு அப்பால் இன்னொருவர் இருந்தார். இலங்கையில் கனிமவள ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் மூசை உருக்கு செய்வதை அந்தத் தொழிலை அறிந்த கடைசி ஆள்களைக் கொண்டு செய்துகாட்டச் சொல்லி, 1908இல் தன் சிங்களக் கலை நூலில் பதிவு செய்தார். சேலத்தில் அப்படி ஒருவர் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் மூசை உருக்கு செய்த இடங்களைத் தேடும் பணி 1990களில்தான் சூடுபிடித்தது. திருவண்ணாமலைப் பக்கத்து மேல்சிறுவளூரில் மூசை ஓடுகளையும் கிட்டத்தையும் கண்ட சாரதா ஸ்ரீனிவாசன் 1994இல் அதை எழுதினார். உலோகவியலாளர் ரங்கநாதனோடு சேர்ந்து அவர் எழுதிய ஊட்ஸ் பற்றிய நூல் 2004இல் வந்தது.

கஞ்சமலையை அண்ணாந்து பார்க்கும் தூரத்தில் இன்று சேலம் உருக்காலை இருக்கிறது. 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். கஞ்சமலைக் கல்லையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் சேர்ப்பது அன்றைய கனவு. 1981இல் உற்பத்தி தொடங்கியபோது அது வெளியிலிருந்து வந்த உருக்கைத் தகடாக்கும் துருப்பிடிக்காத எஃகு ஆலையாக மாறியிருந்தது. துருப்பிடிக்காத எஃகுக்கு உயிர் குரோமியம். ஊட்ஸைப் பார்த்துச் செய்யப் புறப்பட்ட ஃபாரடேயும் ஸ்டோடார்டும் 1822இலேயே குரோமியத்தை உருக்கோடு கலந்து பார்த்திருந்தார்கள். ஹீத்தின் இரும்புக் கம்பெனியின் பெயரிலேயே குரோமியமும் இருந்தது. சேலம் சுண்ணாம்புக்கரடுகளில் அவர் அதை வெட்டி எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913இல் கண்டுபிடித்த ஊரும் ஷெஃபீல்டுதான்.

ஹீத்தின் 1839ஆம் ஆண்டுக் கட்டுரை பழையது என்பதால் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதே உருக்கைப் பற்றி அண்மையில் வந்த ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றை ஓமலூர்ச் சாலைப் பெரியார் பல்கலைக்கழக மாணவர் படிக்க வேண்டுமானால் நூலகம் சந்தா கட்டியிருக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு. மாணவருக்கு இது லாபம், சந்தேகமில்லை. ஆனால் கதவு திறந்துவிடவில்லை, நுழைவுச் சீட்டை அரசு மொத்தமாக வாங்கியிருக்கிறது. அரசுக் கல்லூரி வாசலைத் தாண்டினால் சீட்டு செல்லாது. கொல்லுப்பட்டறைக்கு அது எட்டுவதில்லை.

சேலத்து உருக்குக்காக எந்த நீதிமன்றத்திலும் யாரும் வாதாடவில்லை. நாமகிரிப்பேட்டையிலும் ஈரோட்டிலும் ஏலம் போகும் மஞ்சளுக்கு வேறு கதி வாய்த்தது. காயத்தை ஆற்றும் என்று நம் பாட்டிமார் பூசிய அதே மஞ்சளுக்கு 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து மனுப்போட்டது. பாட்டிமாரின் சாட்சி அங்கே செல்லாது. அச்சில் ஏறிய ஆதாரம் வேண்டும். பழைய வைத்திய நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும் உட்பட 32 ஆதாரங்களை அடுக்கியதும் 1997இல் காப்புரிமை ரத்தாயிற்று. அந்த ஆதாரங்களைத் திரட்டிய கதையும், பாரம்பரிய அறிவை மின்னூலகமாக்கிய இந்தியா அதை எல்லோருக்கும் திறந்துவிடாமல் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் காட்டிவந்தது ஏன் என்ற வழக்கும் அடுத்த அத்தியாயத்தில்.